சொல்லிக் கொடுக்க ஆளில்லை, பழி மட்டும் எங்கள் மேலா?

பெண்கள் பொறுப்புக்கு வரத் தயங்குகிறார்கள் என்று திருப்பூர்ப் பனியன் தொழில் மேடைகளில் பேசப்படும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் என எந்தத் தையல் மெஷினைப் பார்த்தாலும், செக்கிங் மேசையைப் பார்த்தாலும் பெண்களே நிறைந்திருக்கிறார்கள். லைன் சூப்பர்வைசர், புரொடக்ஷன் மேனேஜர், ஆர்டர் கொடுக்கும் பையரிடம் விலை பேசுபவர் என்று மேலே போகப் போகப் பெண்களே இல்லாமல் போவது தயக்கத்தால் நேர்ந்ததா?

நூல் விலை ஏறும்போது பையரிடம் எதை விட்டுக்கொடுக்கலாம், துணி நெய்யும் நிட்டிங்குக்கும் சாயமேற்றும் டையிங்குக்கும் எவ்வளவு வேஸ்டேஜ், அதாவது சேதாரம், போட வேண்டும், துணி நிறம் மாறி வந்தால் சாயப்பட்டறைக்காரரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பவையெல்லாம் ஒரு மூத்தவர் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தால்தான் பிடிபடும். அந்தப் பாடம் பேக்கரியில் டீ குடிக்கும்போதும், தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் காரில் போகும்போதும், இரவு எல்லோரும் கிளம்பிய பிறகு முதலாளி அறையிலும் நடக்கிறது. ஆர்டர்களைக் கவனித்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசராக இருந்தும் எனக்கு அங்கெல்லாம் இடமில்லை. நானாகப் போய் நின்றால் மறுநாளே என்னையும் சொல்லிக் கொடுப்பவரையும் சேர்த்துக் கதை கட்டிவிடுகிறார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்து, கற்றுக்கொடுக்க மனமுள்ள நல்ல மனிதர்கள்கூட ஒதுங்கிவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது.

நான் வேலை பழக்கிய தம்பி ஒருவர் இன்று எனக்கு மேலதிகாரி. அவர் கெட்டிக்காரர், அவர்மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் ஆர்டரின் செலவுக் கணக்கான காஸ்ட்டிங் தாளை எனக்கும் காட்டுங்கள் என்று கேட்டதற்கு, "உனக்கெதுக்கு அம்மிணி இந்த ரோதனை, ஊட்டையும் பாக்கோணுமல்ல" என்றார் முதலாளி. கனிவாகச் சொன்னாலும் மறுப்பு மறுப்புதானே? ஷிப்மெண்ட் நெருங்கினால் இரவில் தங்க வேண்டும், அது பெண்களுக்குச் சரிவராது என்கிறார்கள். அதே ஷிப்மெண்டுக்காக டெய்லர் பெண்களை ஒன்றரை ஷிப்ட் உட்கார வைக்கும்போது இந்தக் கரிசனம் எங்கே போகிறது?

சட்டமும் எங்கள் வாசல்வரை வரவில்லை. பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களில் ஒரு பெண் இயக்குநராவது இருக்க வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம். இங்கே அண்ணன் தம்பிகள் கூட்டாக நடத்தும் கம்பெனிகளை அது தொடுவதே இல்லை. உள்ளாட்சியில் 2016இல் பெண்களுக்குப் பாதி இடங்களை ஒதுக்கியது தமிழ்நாடு. அங்கும் எஸ்டிமேட்டையும் தீர்மானத்தையும் படிக்கச் சொல்லிக் கொடுக்க ஆளில்லாத ஊர்களில் பெண் தலைவரின் வீட்டுக்காரரே நிர்வாகம் செய்கிறார்; பழகிக்கொண்ட தலைவர்களோ வட்டார வளர்ச்சி அலுவலரான பிடிஓவின் அலுவலகம்வரை போய்த் தாங்களே வாதாடுகிறார்கள்.

மகளிர் தினம் வந்தால் கோலப்போட்டி வைத்து, யாரையாவது அழைத்துத் தன்னம்பிக்கை பற்றிப் பேச வைக்கிறீர்கள். தன்னம்பிக்கை எங்களிடம் குறையவில்லை. வேலை நேரத்தில், எல்லோர் கண் முன்னாலும், ஒவ்வொரு பிரிவிலும் ஒரு மூத்தவர் பெண்களுக்குத் தொழில் சொல்லித் தர வேண்டும் என்று கம்பெனியே உத்தரவு போடட்டும்; அப்போது கதை கட்டுகிறவர்கள் வாயடைத்துப் போவார்கள். வரும் சீசனில் ஒரே ஓர் ஆர்டரையாவது காஸ்ட்டிங் முதல் கப்பலேறும்வரை என் பொறுப்பில் விடுங்கள். நட்டம் வந்தால் அதன்பிறகு என்னைக் கேளுங்கள்.