பெரிய கறுப்பு எறும்பு எல்லாம் புல்லட் எறும்பு இல்லை

அமேசான் காட்டில் எடுத்த ஒரு பெரிய கறுப்பு எறும்பின் படம் வந்தால் போதும், கீழே உடனே "புல்லட் எறும்பு" என்று எழுதிவிடுகிறார்கள். எறும்புப் படங்களைப் பார்த்துப் பெயர் தேடுவது எனக்குப் பல வருடப் பழக்கம். இந்தத் தவறு மட்டும் குறையவே இல்லை. பல நேரம் அந்தப் படத்தில் இருப்பது டைனோபொனெரா, பல இனங்கள் அடங்கிய வேறொரு பெரிய எறும்புப் பேரினம். பிரேசிலில் பேச்சுவழக்கிலும் 'டோகன்டிரா' என்ற ஒரே பெயர் இரண்டுக்கும் ஓடுகிறது என்பதால் அங்கிருந்து வரும் படக்குறிப்பையும் அப்படியே நம்ப முடியாது.

நீளத்தை விட்டுவிடுங்கள். இரண்டும் 2 சென்டிமீட்டரைத் தாண்டும், டைனோபொனெரா 3 சென்டிமீட்டரையும் தாண்டும். ஆனால் படத்தில் பக்கத்தில் அளவுகோலா இருக்கிறது? முதலில் தோளைப் பாருங்கள். புல்லட் எறும்பான பாராபொனெரா கிளவாட்டாவுக்குத் தலைக்குப் பின்னால், முன்மார்பின் மேல் கொம்பு முளைத்த மாதிரி இரண்டு புடைப்புகள் இருக்கும். உடம்பு செம்மை கலந்த கறுப்பு, சொரசொரப்பு. டைனோபொனெராவுக்குத் தோளில் கொம்பு கிடையாது. அப்புறம் இடுப்புக் கணு: பக்கவாட்டில் பார்த்தால் ஒரு செங்கல்லை நிறுத்தி வைத்த மாதிரி தடித்த கட்டை. முகம் தெளிவாக விழுந்திருந்தால், தாடைக்கு மேலே இருக்கும் தகட்டின் முன்விளிம்பில் இரண்டு பற்கள் நீட்டிக்கொண்டிருப்பதும் தெரியும்.

இரண்டுக்கும் உறவு ரொம்ப தூரம். பாராபொனெராவுக்குத் தனித் துணைக்குடும்பமே உண்டு, அதில் இன்று உயிரோடு இருப்பது கிளவாட்டா ஒன்றுதான். டைனோபொனெரா வேறு துணைக்குடும்பமான பொனெரினேயைச் சேர்ந்தது.

சரி, டைனோபொனெரா என்று முடிவானது. எந்த இனம்? இங்கேதான் நாம் எல்லாரும் அவசரப்படுகிறோம். 'ஜைகான்டியா' என்ற பெயர் கேட்கவே நன்றாக இருக்கிறது, அதையே போட்டுவிடுகிறோம். நானும் முன்பு அப்படிப் போட்டிருக்கிறேன். பெர்ட்டி என்ற ஆய்வாளர் 1833-இல் விவரித்த இனம் அது. ரோஜர் 1861-இல் டைனோபொனெரா என்ற பேரினத்தை அமைத்தார். எமெரி 1901-இல் லாங்கிபெஸ், மியூட்டிகா, லூசிடா, ஆஸ்ட்ராலிஸ் என்று நான்கைப் பிரித்தார், ஆனால் துணையினங்களாக மட்டும். பிரேசிலில் வாழ்ந்து எறும்புகளை ஆராய்ந்த பாதிரியார் வால்டர் கெம்ப் 1971-இல் அந்த நான்கையும் தனி இனங்களாக உயர்த்தி, சதுரத் தலை கொண்ட குவாட்ரிசெப்ஸையும் சேர்த்தார். 2013-இல் வந்த மறு ஆய்வு இன்னும் இரண்டைச் சேர்க்க, எண்ணிக்கை 8 ஆனது.

இவற்றைப் பிரிக்கும் அடையாளங்கள் எவ்வளவு நுணுக்கமானவை தெரியுமா? முன்மார்பின் பக்கத்தில், கீழே முன்மூலையில் ஒரு சின்னப் பல் ஜைகான்டியாவுக்கு உண்டு, மியூட்டிகாவுக்கு இல்லை. இதோடு உடம்பின் மினுமினுப்பு, ரோமத்தின் நீளம், உணர்கொம்பின் அடித்தண்டு தலையோடு ஒப்பிட எவ்வளவு நீளம் என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்ல முடியும். மேலிருந்து கைப்பேசியில் எடுத்த படத்தில் இதில் எது தெரியும்?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த சிக்கல். டைனோபொனெராவில் ராணி என்ற தனி வடிவமே கிடையாது. வேலைக்காரிகளில் ஒருத்தி இணைசேர்ந்து முட்டையிடுகிறாள். குவாட்ரிசெப்ஸில் அவள் இடத்துக்குப் போட்டியாக இன்னொருத்தி வந்தால், முட்டையிடுகிறவள் தன் கொடுக்கு வழியே வரும் திரவத்தை அந்தப் போட்டிக்காரிமேல் தடவிவிடுவாள். மற்ற வேலைக்காரிகள் அந்தப் போட்டிக்காரியைப் பிடித்து அசையவிடாமல் வைத்துக்கொள்வார்கள். சிறகுள்ள பெண்கள் இல்லாததால் புதுக் கூடு உண்டாவது பழைய கூடு பிரிந்து நடந்து போவதால்தான். ஆண்கள் பறப்பார்கள், கூடு பறக்காது. அதனால் ஒவ்வொரு கூட்டமும் தன் வட்டாரத்திலேயே தங்கிவிடுகிறது. பிரேசிலின் அட்லாண்டிக் காட்டில் வாழும் லூசிடாவின் குரோமோசோம் எண்ணிக்கை 120 வரை போகிறது, ஒரே இனத்துக்குள்ளேயே இடத்துக்கு இடம் அது மாறுகிறது. இப்படிப்பட்ட எறும்பில் இனத்தின் எல்லையை எங்கே போடுவது?

இதில் ஆண்களையும் மறந்துவிடக் கூடாது. இரவில் விளக்குக்கு வரும், குளவி போலிருக்கும், எறும்பென்றே பலர் நினைக்க மாட்டார்கள். 2013-இல் சேர்ந்த ஸ்னெல்லிங்கி விவரிக்கப்பட்டதே ஆண்களை வைத்துத்தான். விளக்கடியில் கிடக்கும் ஓர் ஆணின் படம் வேலைக்காரியின் படத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

அதனால் நான் கேட்பது இதுதான். தெரியாதபோது "டைனோபொனெரா" என்று பேரினத்தோடு நிறுத்துங்கள். அது அரைகுறை பதில் இல்லை, சரியான பதில். படம் எடுத்தவரிடம் இடத்தைக் கேளுங்கள், 'அமேசான்' என்பது இடமாகாது, மாநிலமாவது வேண்டும். பக்கவாட்டுப் படம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பிரேசிலின் பாரா மாநிலத்தில் எடுத்த ஒரு படம் என்னிடம் இருக்கிறது. காய்ந்த இலைகளுக்கு நடுவே நிற்கிறது, முகத்துப் பற்கள் இரண்டும் அழகாகத் தெரிகின்றன, இடுப்புக் கணுவும் தெளிவு. தோளின் கீழ்மூலையை மட்டும் ஓர் இலைக்காம்பு மறைக்கிறது. ஜைகான்டியா என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. இன்னும் எழுதவில்லை.