மறுகண்டுபிடிப்பு என்ற சொல்லோடு எனக்கு ஒரு சண்டை

இரண்டு பேர் ஒரு பழைய கார் எஞ்சின் வாங்குகிறார்கள். கூலிக்காசில் பேரம் பேசி வாங்கியது. மாடியிலிருந்து ஒவ்வொரு படியாக இறக்கி, மூச்சு வாங்கி, விரலை நசுக்கிக்கொண்டு, பிக்கப் வண்டியின் பின்விளிம்பில் ஒருவழியாக ஏற்றி வைக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளலாமே என்கிறான் ஒருவன். அடுத்தவனுக்கு விரல் வலி, இதுவே போதும் என்கிறான். வண்டி மேட்டில் கிளம்பிய அடுத்த நொடி எஞ்சின் ரோட்டில் விழுந்து உடைகிறது. இறங்கிப் பார்க்கிறார்கள். ஒன்றும் செய்வதற்கில்லை. அதை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். கேமரா வண்டியின் பின்னால் இருக்கிறது. நடுரோட்டில் கிடக்கும் எஞ்சின் சின்னதாகிக்கொண்டே போகிறது.

அமெரிக்கக் கறுப்பின இயக்குநர் சார்ல்ஸ் பர்னெட்டின் 'கில்லர் ஆஃப் ஷீப்' படத்தில் வரும் காட்சி இது. முதல்முறை பார்த்தபோது சிரித்துவிட்டேன். இரண்டாவது முறை சிரிப்பு வரவில்லை.

பர்னெட் மிசிசிப்பியில் பிறந்து, லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில் வளர்ந்தவர். யு.சி.எல்.ஏ.வில் (லாஸ் ஏஞ்சலிஸின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) முதுகலைப் பட்டத்துக்குச் சமர்ப்பிக்க 1970களில் எடுத்த படம் இது. செலவு 10,000 டாலருக்கும் குறைவு. 16 எம்.எம்., கறுப்பு வெள்ளை, வார இறுதிகளில் மட்டும் படப்பிடிப்பு, நடித்தவர்களில் பலர் அக்கம்பக்கத்துக்காரர்கள். எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, எடிட்டிங் எல்லாம் அவரே. ஆட்டுத்தொட்டியில் வேலை பார்த்துவிட்டு, இரவில் தூக்கம் வராமல் வீட்டுத் தரையைச் சரிசெய்துகொண்டிருக்கும் ஸ்டான் என்ற மனிதனைப் பற்றிய படம். துப்பாக்கிச் சண்டை இல்லை, போதைமருந்து வியாபாரி இல்லை. சூடான டீக்கோப்பையைக் கன்னத்தில் ஒற்றிப் பார்க்கும் ஒரு மனிதன் இருக்கிறான், அவ்வளவுதான்.

இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிற எல்லாருமே அந்த 10,000 டாலரில்தான் நின்றுவிடுகிறார்கள். 'பார்த்தீர்களா, காசே இல்லாமல் காவியம்!' எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். காசில்லாமல் படம் எடுத்துவிட்டார், சரி. அப்புறம் என்ன ஆனது?

அப்புறம் அது பெட்டிக்குள் போனது. படம் நெடுகப் பாட்டு வருகிறது: பால் ரோப்சன், டைனா வாஷிங்டன், லூயி ஆம்ஸ்ட்ராங். கல்லூரியில் சமர்ப்பிக்கிற படத்துக்கு யார் போய் உரிமை வாங்குவார்கள்? ஆனால் உரிமை வாங்காமல் தியேட்டரில் ஓட்ட முடியாது. விழாக்களிலும் வகுப்பறைகளிலும் தேய்ந்த பிரதிகளில் ஓடியது. 1990இலேயே அமெரிக்க அரசின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பிடித்தது. முறையாகத் தியேட்டருக்கு வந்தது 2007இல். பாட்டுகளுக்கு மட்டும் 1,50,000 டாலர் ஆனது. படம் எடுத்த செலவைப் போலப் பதினைந்து மடங்குக்கு மேல்! அந்த எஞ்சின் எனக்கு மறுபடி ஞாபகம் வந்தது.

உடனே விமர்சகர்கள் 'மறுகண்டுபிடிப்பு' என்று எழுத ஆரம்பித்தார்கள். எடுத்தவர் உயிரோடு இருக்கிறார், அதே ஊரில் வேலை செய்துகொண்டிருக்கிறார். யார் தொலைத்ததை யார் கண்டுபிடித்தார்கள்?

என் கட்சி இதுதான்: பெரிய ஸ்டுடியோக்களைச் சாராத கறுப்பினச் சுயாதீன சினிமாவின் கதை, காசில்லாமல் படம் எடுத்த கதை என்பதைவிட, எடுத்த படத்தைத் தானே தூக்கிச் சுமந்த கதை. ஆரம்பகாலத்திலிருந்தே அப்படித்தான். ஆஸ்கர் மிஷோ தெற்கு டகோட்டாவில் நிலம் வாங்கி விவசாயம் பார்த்தவர். தான் எழுதிய நாவலை வீடு வீடாகப் போய் விற்றவர். ஒரு கறுப்பினப் படக் கம்பெனி அவர் நாவலைக் கேட்டது. நான்தான் இயக்குவேன் என்று அவர் நிற்க, பேச்சு முறிந்தது. அவரே விவசாயிகளிடம் பங்கு விற்றுக் காசு திரட்டி 1919இல் 'தி ஹோம்ஸ்டெடர்' எடுத்தார். அப்புறம் படச்சுருளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகத் தியேட்டர்காரர்களைப் பார்க்கப் போனார். அந்தப் படம் இன்று இல்லை, தொலைந்துவிட்டது. 1920இல் எடுத்த 'விதின் அவர் கேட்ஸ்' பிழைத்தது, அதுவும் ஸ்பெயினில் 'லா நெக்ரா' என்ற பெயரில் கிடைத்த ஒரே ஒரு பிரதியால். நாற்பதுக்கும் மேல் படம் எடுத்த ஒருவருக்கு இந்தக் கதி.

'கறுப்பர்கள் எடுக்கிற படத்துக்கு ஆள் வராது' என்று விநியோகஸ்தர்கள் சொல்வது பழைய பாட்டு. எத்தியோப்பியாவில் பிறந்து, யு.சி.எல்.ஏ.வில் பர்னெட்டோடு படித்த ஹைலே கெரிமா அதை நேருக்கு நேர் உடைத்தார். அடிமை முறையைப் பற்றிய அவருடைய 'சங்கோஃபா' 1993இல் பெர்லின் விழாவின் போட்டிப் பிரிவில் இருந்தது. அமெரிக்காவில் ஒருவரும் வாங்கவில்லை. வாஷிங்டனில் ஒரு தியேட்டரை அவரே வாடகைக்கு எடுத்தார். தேவாலயங்கள், சமூக அமைப்புகள், வாய்வழிச் செய்தி, அவ்வளவுதான் விளம்பரம். வாரக்கணக்கில் ஓடியது. அடுத்த ஊர், அடுத்த தியேட்டர் என்று அப்படியே நகர்ந்தார். அதே பெயரில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு எதிரே அவரும் மனைவியும் ஒரு புத்தகக்கடையும் திறந்தார்கள். ஆள் வரவில்லை என்றில்லை, கதவைத் திறக்கத்தான் ஆளில்லை.

ஜூலி டேஷ் விஷயம் இன்னும் கசப்பு. 1991இல் வந்த 'டாட்டர்ஸ் ஆஃப் த டஸ்ட்', அமெரிக்காவில் பொதுத் திரையரங்க வெளியீடு கண்ட, ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் இயக்கிய முதல் முழுநீளப் படம். 1991! சினிமா பிறந்து ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து! சன்டான்ஸ் திரைப்பட விழாவில் ஒளிப்பதிவுக்கு விருதும் வாங்கியது. ஆனாலும் பிறகு அவர் எடுத்தவை பெரும்பாலும் தொலைக்காட்சிக்குத்தான். 2016இல் பாடகி பியான்சேயின் 'லெமனேட்' காணொளி ஆல்பம் வந்தபோது, டேஷின் படத்தில் வருவதுபோன்ற வெள்ளை உடைப் பெண்களை அதில் பார்த்துவிட்டு எல்லாரும் இந்தப் படத்தைத் தேடினார்கள். பாவம், இருபத்தைந்து வருஷம் அது எங்கும் ஓடிப்போய்விடவில்லை.

இன்னொரு கறுப்பினப் பெண் இயக்குநர் கேத்லீன் காலின்ஸுக்கு உயிரோடு இருந்தவரை அந்தத் தாமதமான மரியாதைகூடக் கிடைக்கவில்லை. 'லூசிங் கிரவுண்ட்' 1982. தத்துவப் பேராசிரியை ஒருத்தி, ஓவியக்காரக் கணவன், ஒரு கோடைக்காலம். அழுக்குத் தெரு இல்லை, அடிதடி இல்லை. இதை எந்த அலமாரியில் வைப்பது என்று விநியோகஸ்தர்களுக்குப் பிடிபடவில்லை போல. அப்போது தியேட்டரையே பார்க்காத படம். 1988இல் புற்றுநோயில் போய்விட்டார், வயது 46. லேபில் கிடந்த நெகட்டிவை அவர் மகள் மீட்டெடுத்து, 2015இல்தான் படம் திரைக்கு வந்தது.

பழைய பிரதிகளைத் தூசி தட்டி மீட்கிற ஆவணக் காப்பகத்துக்காரர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் இல்லையென்றால் இதில் பாதியை நானே பார்த்திருக்க மாட்டேன். என் கோபம் அந்தச் சொல்மேல்தான். 'கண்டுபிடித்தோம்' என்றால் முன்பு மறைத்தவரைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை பாருங்கள்.

கடைசியாக ஒன்று. 2007இல் அவ்வளவு பணம் கொட்டியும் 'கில்லர் ஆஃப் ஷீப்'பின் ஒரு பாட்டுக்கு மட்டும் உரிமை கிடைக்கவில்லை. முடிவுக் காட்சியில் வர வேண்டிய டைனா வாஷிங்டனின் 'அன்ஃபர்கெட்டபிள்'. மறக்க முடியாதது என்று அர்த்தம்! அதற்குப் பதில் நடுவில் வந்த 'திஸ் பிட்டர் எர்த்'தையே மறுபடி போட்டு ஒப்பேற்றினார்கள். 2025இல் வந்த புதிய பிரதியில்தான் அந்தப் பாட்டு தன் இடத்துக்குத் திரும்பியது. பர்னெட்டுக்கு அப்போது 81 வயது.