ஆய்வு மாணவர்களே, மதியச் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிடாதீர்கள்

ஆய்வேடு எழுத உட்கார்ந்த நாளிலிருந்து, சோற்றைப் பார்சல் வாங்கி மடிக்கணினி முன்னாலேயே தின்னும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்கிறது. அரைமணி நேரம் மிச்சமாம். அந்த மிச்சத்துக்குக் கொடுக்கும் விலை அதிகம் என்பது என் கட்சி.

ஜெர்மானியத் தத்துவஞானி இம்மானுவேல் காண்ட் 1798இல் வெளியிட்ட மானுடவியல் நூலில் இதைப் பேசுகிறார். தத்துவ சிந்தனையில் இருப்பவர் தனியே சாப்பிடுவது உடம்புக்கு ஆகாது என்கிறார். வாய் சோற்றை மெல்லும், மூளை காலையில் விட்ட சிக்கலையே மென்றுகொண்டிருக்கும், களைப்பு ஆறாது. பந்தியில் மூன்று பேருக்குக் குறையக் கூடாது, ஒன்பது பேருக்கு மிகக் கூடாது என்றும் கணக்கு வைத்திருந்தார். பேச்சுக்கும் வரிசை உண்டு: முதலில் ஊர்ச் செய்தி, பிறகு வாதம், கடைசியில் வேடிக்கை. சொந்தச் சமையல் ஏற்பாடு செய்துகொள்ளும்வரை அந்த மனிதருக்குப் பல ஆண்டுகள் விடுதிச் சாப்பாடுதான்.

இதைச் சேப்பாக்கம், திருவல்லிக்கேணிப் பக்கம் கொண்டுவந்து பார்ப்போம்.

காலை 8 முதல் 11 வரை எழுத்து மட்டும். புதிதாக 400, 500 சொல் தேறினால் நல்ல நாள். நடுவில் அடிக்குறிப்பு தேடிக் கிளம்பினால் அன்றைய வேலை கெட்டது. ‘சான்று வேண்டும்’ என்று மஞ்சளில் குறித்துவிட்டு நகருங்கள்.

மதியம் மெஸ். உடன் உட்காருகிறவர் வேறு துறைக்காரராக இருப்பது முக்கியம். உங்கள் இயலின் வாதத்தை ரசம் வருவதற்குள் விலங்கியல்காரரிடம் சொல்லிப் பாருங்கள். “சரி, அதனால என்ன?” என்று கேட்பார். நெறியாளர் கேட்கத் தயங்கும் கேள்வி அது.

சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர் என்று நாலு சுற்றும் வாங்கினால் இரண்டு மணிக்குக் கண் சொருகும். அப்போது வாதம் எழுதினால் மறுநாள் அழிக்கத்தான் வேண்டியிருக்கும். துணைநூற்பட்டியலைச் சரிபார்க்க அதுதான் ஏற்ற நேரம். துணைநூல்களைத் தொகுத்துவைக்கும் மென்பொருளான ஜொட்டெரோவில் தமிழ்ப் பெயர்கள் அடிக்கடி உடையும்; முதல்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் கேட்பதால் தலைப்பெழுத்து குடும்பப்பெயராகிவிடும். ஒற்றைக் கட்டமாக மாற்றிவிட்டால் தட்டச்சு செய்தபடியே நிற்கும். எடுத்தாண்ட வரிகளுக்கு மேற்கோள் குறியும் பக்க எண்ணும் இருக்கின்றனவா என்றும் அப்போதே பாருங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி பிறர் எழுத்தோடு உள்ள ஒற்றுமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் திருத்தித் தர வேண்டும்; 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து.

மாலையில் மெரினாவில் ஒரு நடை. மெஸ்ஸில் விழுந்த அந்தக் கேள்வியை அங்கேதான் பிரித்துப் பார்க்க வேண்டும். எதிர்க்கேள்வியை மதிக்கக் கற்க ஐரோப்பாவரை போக வேண்டாம். 13ஆம் நூற்றாண்டின் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாச்சாரியார், மாற்றுத் தரப்பினர் 14 பேரின் கொள்கைகளை முதலில் எடுத்துவைக்கிறார். அவற்றைப் பரபக்கம் என்ற பிறர் தரப்புப் பகுதியில் ஒவ்வொன்றாக மறுத்த பிறகே, சுபக்கம் என்ற தம் தரப்புப் பகுதியில் தம் சித்தாந்தத்துக்கு வருகிறார். நம் ஆய்வேடுகளிலோ சுபக்கம் 250 பக்கம், பரபக்கம் அரைப்பக்கம்! அந்த அரைப்பக்கமும் ‘முந்தைய ஆய்வுகள்’ என்ற தலைப்பில் நூல்பெயர்களை அடுக்குவதோடு முடிந்துவிடும்.

நடந்து முடித்ததும், எதிராளி சொல்லக்கூடிய வலுவான மறுப்பை ஐந்து வரியில் எழுதுங்கள். அடுத்த ஐந்து வரியில் பதில். பதில் இழுத்துக்கொண்டே போனால் மறுநாள் காலை எழுத வேண்டிய பகுதி அதுதான். மறுப்பை வலுவிழக்கச் செய்து எழுதி ஏமாற்றிக்கொள்ள ஆசை வரும். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அதை வலுவாகவே கேட்பார்.

தினமும் வெளியே சாப்பிடப் பணம் எங்கே என்பீர்கள். நியாயம்தான், உதவித்தொகை மாதக்கணக்கில் இழுபடுகிறது. யாருக்கு வந்ததோ அவர் பில் கொடுக்கட்டும். யாருக்கும் வராத மாதங்களில் மூன்று பேராக அம்மா உணவகம் போகலாம். அங்கே சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய்; காண்டின் கணக்கும் தப்பாது.