1984இல் வந்தது தடை அல்ல

விடுதலை இறையியலை, அதாவது ஏழைகளின் விடுதலையை மையமாகக் கொண்டு லத்தீன் அமெரிக்காவில் வளர்ந்த கிறிஸ்தவ இறையியலை, 1984இல் வத்திக்கான் தடைசெய்துவிட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் அது தடை அல்ல. அந்த ஆண்டு வத்திக்கான் வெளியிட்ட, கர்தினால் ராட்சிங்கர் (பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட்) கையொப்பமிட்ட அறிவுறுத்தலின் தலைப்பே 'விடுதலை இறையியலின் சில கூறுகள்' பற்றியது என்கிறது. அந்தச் 'சில' முக்கியம். மார்க்சியத்திலிருந்து ஆராயாமல் எடுத்தாண்ட கருத்துகளைத்தான் அது கண்டித்தது. ஏழைகள் பக்கம் நிற்பவர்களைக் கைவிடுவதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று முன்னுரையிலேயே இருக்கிறது. (பிரேசிலின் விடுதலை இறையியலாளர் லியோனார்டோ போஃப் 1985இல் மௌனம் காக்கப் பணிக்கப்பட்டது உண்மை. அது தனிக்கதை.)

அப்புறம், 1986 ஏப்ரலில் பிரேசில் ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தில், திருச்சபை போதனையோடு இசைந்து செய்தால் இந்த இறையியல் பயனுள்ளது, தேவையானது என்கிறார் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல். அறிவுறுத்தல், கடிதம் இரண்டுமே வத்திக்கான் இணையதளத்தில் இருக்கின்றன. அறிவுறுத்தலின் முன்னுரையை மட்டும் படித்தாலே போதும், பத்து நிமிடம்கூட ஆகாது.