நம்பர் பிளேட்டும் தகாஸுரும்

2023 ஏப்ரலில், நோன்பு மாதத்தில், துபாயில் ‘பி 7’ என்ற கார் நம்பர் பிளேட் 5.5 கோடி திர்ஹமுக்கு ஏலம் போனது. நம்ம காசுக்கு 120 கோடி ரூபாய்க்கு மேல். காருக்கு இல்லை, தகட்டுக்கு மட்டும். அதற்கு முந்தைய சாதனை அபுதாபியிடம் இருந்தது. 2008-இல் ‘1’ என்ற எண்ணை ஒருவர் 5.22 கோடி திர்ஹம் கொடுத்து எடுத்திருந்தார்.

இதைத் திட்டுவது சுலபம். ஆனால் துபாய் ஏலப் பணம் ஏழைகளுக்குச் சாப்பாடு போடும் அறக்கட்டளைக்குத்தான் போனது. அதனால் என்னால் முழுசாகத் திட்டவும் முடியவில்லை. ஏலம் இல்லாமல், எண் இல்லாமல், பக்கத்தில் விலை ஏற்றிவிட ஆள் இல்லாமல் உண்டியலை நீட்டியிருந்தால் அதே தொகை விழுந்திருக்குமா என்பது மட்டும்தான் என் சந்தேகம்.

குர்ஆனின் கடைசிப் பாகமான அம்ம ஜுஸ்வு ஓதிய எல்லோருக்கும் ‘அல்ஹாகுமுத் தகாஸுர்’ மனப்பாடம். அது குர்ஆனின் 102-வது சூரா (அத்தியாயம்), எட்டே வசனங்கள். சின்ன சூரா என்பதால் அவசரத் தொழுகைக்கு நாம் அதிகம் எடுப்பதும் அதைத்தான்! பணத்தாசையைக் கண்டிக்கும் சூரா என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். தகாஸுர் என்பது வெறும் ஆசை இல்லை, ஒருத்தரை ஒருத்தர் மிஞ்சப் பார்க்கும் ஆசை. கப்றுகளை, அதாவது மண்ணறைகளை, சந்திக்கும்வரை அது உங்களைப் பராக்காக்கிவிட்டது என்கிறது சூரா.

சாகும்வரை என்றுதான் பலரும் இதற்குப் பொருள் சொல்வார்கள். தஃப்ஸீர்களில், அதாவது குர்ஆன் விளக்கவுரைகளில், இன்னொரு செய்தியும் உண்டு. மக்காவில் குறைஷி குலத்தின் இரண்டு கிளைகள், அப்து மனாஃப் குடும்பமும் சஹ்ம் குடும்பமும், யாரிடம் ஆள் பலம் அதிகம் என்று எண்ணிப் பார்த்தார்களாம். அப்து மனாஃப் ஜெயித்தது. தோற்றவர்கள் விடவில்லை, செத்தவர்களையும் எண்ணுவோம் என்று கப்றுகளுக்குப் போய் எண்ணினார்கள். அந்தக் கணக்கில் சஹ்ம் ஜெயித்துவிட்டது. பிணத்தை எண்ணி ஜெயித்தவர்களோடு ஒப்பிட்டால் நம்பர் பிளேட் வாங்கியவர் எவ்வளவோ தேவலை.

பொருள் சேர்ப்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. நபியின் மனைவி கதீஜா நாயகி வணிகர். நபித் தோழர் உஸ்மான் பெரும் செல்வந்தர். சேர்த்து வைப்பதையே எதிர்த்துப் பேசிய இன்னொரு தோழர் அபூதர், கடைசியில் ரபதா என்ற பாலை ஊரில் ஒதுங்கி வாழ்ந்து மறைந்தார். அவரை மதிக்கிறேன், ஆனால் எல்லோரும் அவராக முடியாது. நபி (ஸல்) இந்த சூராவை ஓதியபோது சொன்னதாக ‘முஸ்லிம்’ என்ற தொகுப்பில் வரும் ஹதீஸ் (நபிமொழி) எனக்கு நெருக்கம். மனிதன் ‘என் சொத்து, என் சொத்து’ என்கிறான். தின்று தீர்த்தது, உடுத்திக் கிழித்தது, தர்மம் செய்து முன்னால் அனுப்பியது, இவை தவிர உனக்கு என்ன இருக்கிறது? நடைமுறைக்கு ஒத்துவரும் பட்டியல் இது. சாப்பாட்டையும் துணியையும் சேர்த்தே சொல்கிறார். பக்கத்து வீட்டைவிட அதிகம் என்ற பெருமைக்கு மட்டும் அதில் இடமில்லை.

துபாயை விடுங்கள், நம் கல்யாணங்களுக்கு வருவோம். பெண்கள் அணியும் நகைக்கும் ஜகாத் என்ற கட்டாய தர்மம் உண்டு என்பார்கள் ஹனஃபி மத்ஹபினர் (மத்ஹப் என்றால் மார்க்கச் சட்ட வழி). ஷாஃபி மத்ஹபில் அணியும் நகைக்கு விலக்கு உண்டு, வழக்கத்துக்கு மீறிப் போனால்தான் ஜகாத். இங்கேதான் எனக்கு இடிக்கிறது. வழக்கம் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? அந்தத் தெருவில் 50 பவுன் போட்டார்கள் என்றால் இந்தத் தெருவில் 60. அடுத்த கல்யாணத்தில் 75. போட்டி ஏற ஏற வழக்கமும் கூடவே ஏறுகிறது, எவ்வளவு போட்டாலும் யாரும் வரம்பு மீறியவராக ஆவதில்லை. நான் ஷாஃபியாக வளர்ந்தவன்தான். ஆனால் நகை விஷயத்தில் மட்டும் எனக்கு ஹனஃபி கணக்கே சரியாகப் படுகிறது: சுமார் 85 கிராமைத் தாண்டினால், வருஷம் முடிந்ததும் பெட்டியில் இருப்பதற்கும் கழுத்தில் கிடப்பதற்கும் சேர்த்து இரண்டரை சதவீதம். சீர் பேசும்போதே இந்தத் தொகையையும் கூட்டிச் சொன்னால் எத்தனை சம்பந்திகள் பவுனைக் குறைப்பார்கள் என்று பார்க்க எனக்கு ஆசை.