மண்ணில் உட்கார்ந்த குழந்தையும் மானம் போன அடுக்ககமும்

எங்கள் அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் என் பேரனின் படம் உலா வந்த கதை இந்நேரம் உங்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஈர மண்ணைக் கைநிறைய அள்ளிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கீழே, ‘பாட்டிக்காவது புத்தி வேண்டாமா?’ என்று ஒரு வரி. அதை ஆமோதித்து வரிசையாகக் கட்டைவிரல்கள்.

பாட்டிக்குப் புத்தி இருக்கிறது. பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்ற புத்தி. உலர்ந்த மண் விரலிடுக்கில் வழிந்துபோகிறது. தண்ணீர் பட்டதும் பிடித்த பிடியில் நிற்கிறது. ஏன் என்று அவனுக்குத் தெரியாது. மாறுகிறது என்பது அவன் கைக்குத் தெரிந்துவிட்டது. அதுதான் அறிவியல், அங்கேதான் தொடங்குகிறது.

‘11 மாதக் குழந்தைக்கு அறிவியலா?’ என்று சிரித்தவருக்கு: 2015இல் ‘சயின்ஸ்’ இதழில் ஏமி ஸ்டாலும் லிசா ஃபைகன்சனும் வெளியிட்ட ஆய்வே 11 மாதக் குழந்தைகளை வைத்துத்தான். பந்து சுவரை ஊடுருவிப் போவதுபோல் சிலருக்குக் காட்டினார்கள். அந்தக் குழந்தைகள் பந்தை வாங்கித் தட்டித் தட்டிப் பார்த்தன. பொம்மைக் கார் அந்தரத்தில் நிற்பதைக் கண்ட குழந்தைகளோ அதைக் கீழே போட்டுப் பார்த்தன. எதில் சந்தேகமோ அதைத்தான் சோதித்திருக்கின்றன. நம் வீட்டில் கரண்டியை மறுபடி மறுபடி கீழே போடும் குழந்தைக்குக் கிடைப்பது கையில் ஓர் அடி.

ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தைத் தூக்கத்திலும் ஒப்பிக்கும் மாணவன் ஒருவன் என்னிடம் படித்தான். தண்ணீரில் தோலோடு மிதந்த ஆரஞ்சு, உரித்துப் போட்டதும் மூழ்கியது. ‘எடை குறைந்திருக்கிறதே, எப்படி டீச்சர் மூழ்கும்?’ என்று திகைத்து நின்றான். தோலுக்குள் இருந்த காற்று அவன் நினைவுக்கு வரவே இல்லை. வாளித் தண்ணீரில் கைவிட யாரும் விட்டிருக்க மாட்டார்கள், பாவம்.

கிருமி என்பீர்கள். சுத்தமான மூலை பார்த்துத்தான் உட்காரவைத்தேன், வாய்க்குப் போன கையைத் தடுத்தேன், சோப்புப் போட்டுக் கழுவினேன். போதாதா? தண்ணீர் ஆபத்து என்பது சரிதான். குழந்தை மூழ்கச் சில அங்குலத் தண்ணீரே போதும், கை எட்டும் தூரத்தை விட்டு நாம் நகரக் கூடாது. ஆனால் இந்த உபதேசம் செய்தவர் வீட்டில் தண்ணீரில் ஊறிப் பெருக்கும் வண்ண ஜெல்லி உருண்டைகள் இருக்கின்றன. குழந்தை விழுங்கினால் குடலுக்குள் பெருத்து அடைத்துக்கொள்ளும். அது மட்டும் ‘அறிவுத்திறன் விளையாட்டு’! விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறதல்லவா.

எல்லாவற்றையும் நான் பெரிதுபடுத்துகிறேனாம். இருக்கட்டும்.

உண்மையில் மண் விவகாரம்கூட என்னைச் சுடவில்லை. அதற்கடுத்த வரிதான் சுட்டது: ‘மருமகள் வேலைக்குப் போனால் இப்படித்தான்.’ அவள் வேலைக்கும் ஈர மண்ணுக்கும் என்ன சம்பந்தம்? குழந்தையின் அப்பனும்தான் வேலைக்குப் போகிறான். அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரவு அலுத்து வந்தாலும் ஒரு தட்டில் ரவையைக் கொட்டி, பக்கத்தில் பிசைந்த மாவையும் வைத்து, குழந்தையை அளையவிட்டுக் கூடவே உட்காருகிறவள் அவள். சமையலறையைப் பெருக்கிவிட்டுத்தான் படுக்கிறாள்.

என்னைப் பற்றி எழுதியது அப்படியே கிடக்கட்டும். அவளைப் பற்றிய வரியை எழுதியவர் இன்று இரவுக்குள் நீக்கிவிட வேண்டும்.