பாத்து வாங்கப்பிடாதா மக்களே?

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் ஓட்டுகிற நம் கூட்டத்தின் சந்திப்பில், ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலில் நடந்தது வந்திருந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்கள் வாட்ஸ்அப் குழுவில் சுற்றும் போட்டோவைப் பார்த்திருப்பீர்கள். புரொஜக்டரில் கறுப்புத் திரை, இடது மூலையில் ஒரு கோடு விட்டு விட்டு மின்னுகிறது, பக்கத்தில் நான் திருதிருவென்று முழித்துக்கொண்டு நிற்கிறேன். போட்டோவைப் பற்றி எனக்கு வருத்தம் கிடையாது. அப்போது நம் கூட்டத்து அண்ணன் சொன்ன வார்த்தைதான் இன்னும் இறங்கவில்லை. “கார்டு வாங்கும்போ பாத்து வாங்கப்பிடாதா மக்களே?” அறையே சிரித்தது.

நான் பார்த்துத்தான் வாங்கினேன். வாங்கிய அன்று அந்தக் கிராஃபிக்ஸ் கார்டு (திரையில் படம் வரவைப்பது) லினக்ஸில் நன்றாக ஓடியது. நேற்று ஓடியது இன்று ஓடாமல் போனால் அதற்கு வாங்கியவன் எப்படிப் பொறுப்பு?

நடந்தது இதுதான். சிஸ்டம் ராத்திரியில் தானாகவே கர்னலை, அதாவது லினக்ஸின் மையப் பகுதியை, அப்டேட் செய்திருக்கிறது. கார்டுடன் பேசுகிற நிரல்தான் டிரைவர். அது கர்னலுக்கு வெளியே இருந்து வந்தால், கர்னல் மாறும்போதெல்லாம் புதுசுக்கு ஏற்றபடி மறுபடி கம்பைல் செய்தாக வேண்டும். டிகேஎம்எஸ் என்ற கருவி அதைத் தானாகச் செய்துவிடும், முடிந்தால். என் கார்டைக் கம்பெனி பழைய சாமான் பட்டியலில் தள்ளிவிட்டது. புதுக் கர்னலில் உள்ளே ஏதோ ஒரு நிரல் ஃபங்ஷன் மாறியிருக்கிறது, பழைய டிரைவருக்கு அது தெரியவில்லை, கம்பைல் பாதியில் நின்றுவிட்டது, அதனால்தான் கறுப்புத் திரை. மழைக்காக ஃபிளெக்ஸ் ஷீட்டில் சுற்றி, தக்கலையிலிருந்து ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்த சிபியு அது. பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளில் செய்த திருவிழா டைட்டிலைக் காட்டலாம் என்று ஆசையாகக் கொண்டுவந்தேன். எழுத்துத் திரைக்குப் போக கண்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அழுத்தி, போனைப் பார்த்துப் பார்த்து கமாண்ட் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்தப் புத்திமதி வந்தது.

கம்பெனி பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் கீழே என்விடியா பச்சைக் கட்சி, ஏஎம்டி சிவப்புக் கட்சி என்று கார்டு கம்பெனிகளுக்காக அடிதடி தொடங்கிவிடும். கார்டு உயிரோடு இருக்கிறது. ஃபேன் சுற்றுகிறது, சூடாகிறது, விண்டோஸில் போட்டால் படம் வருகிறது. அதனுடன் எப்படிப் பேசுவது என்ற விவரத்தை மட்டும் ஒருவர் பூட்டி வைத்திருக்கிறார். டிரைவர் எழுதித் தர முடியாதா? சரி, விடு. அந்த விவரத்தைக் கொடு, எழுதுகிறவர்கள் எழுதிக்கொள்வார்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

நடக்காததைக் கேட்கவில்லை. ஏஎம்டி 2007-இல் கார்டுகளின் ஆவணங்களை வெளியே விடுவதாக அறிவித்தது, விடவும் செய்தது. 2012-இல் வந்த அவர்களுடைய கார்டுகளுக்கு இன்றும் கர்னலுக்குள்ளேயே டிரைவர் இருக்கிறது. உள்ளே இருப்பதால், கர்னலை மாற்றுகிறவரே அந்த டிரைவரையும் சேர்த்துச் சரிசெய்துவிடுகிறார். எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். நுவோ என்ற தன்னார்வலர் டிரைவரை எழுதியவர்கள் ஆவணம் கைக்கு வராமல், என்விடியா கார்டுகளைத் தட்டித் தடவிப் பார்த்தே எழுதினார்கள். அவர்கள் ஒருவழியாகப் பக்கத்தில் வந்தபோது, 2014-இன் பிற்பகுதியில் வந்த கார்டுகளிலிருந்து, கம்பெனி கையெழுத்திட்ட ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஓடும் நிரல்) இல்லாமல் கார்டின் வேகத்தைக்கூட ஏற்ற முடியாது என்று ஆகிவிட்டது. 2022-இல் என்விடியாக்காரர்கள் தங்கள் டிரைவரில் கர்னல் பகுதியின் மூலநிரலை மட்டும் திறந்தார்கள். நல்லது, வரவேற்கிறேன். ஆனால் அது 2018-இல் வந்த டூரிங் வரிசையிலிருந்துதான். அதற்கு முந்தைய கார்டு வைத்திருப்பவர்களும் பார்த்து வாங்கியிருக்க வேண்டுமோ? எதைப் பார்த்து? ஜோசியரையா?

2012-இல் பின்லாந்தில் ஒரு மேடையில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்து என்விடியாவுக்கு நடுவிரல் காட்டினார். அந்தப் படத்தைப் பார்த்துக் கைதட்டாத ஆள் நம் கூட்டத்தில் உண்டா? லினஸ் கோபப்பட்டால் வரலாறு. தக்கலைக்காரன் கோபப்பட்டால் பாத்து வாங்கப்பிடாதா.

இனி வரப்போகிற பதில்கள்.

“ஓசியில் கிடைப்பதற்கு இவ்வளவு பேச்சா?” ஓசியில் கிடைத்தது லினக்ஸ். கார்டுக்கு ரூபாய் எண்ணிக் கொடுத்திருக்கிறேன். நான் திட்டுவது லினக்ஸை அல்ல, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

“கம்பெனிக்குத் தொழில் ரகசியம் இருக்காதா?” இருக்கட்டும்.

“லினக்ஸில் மானிட்டர் வைத்து வேலை செய்கிறவன் எத்தனை பேர், அவனுக்காகக் கம்பெனி ஏன் செலவு செய்யணும்?” இது நியாயமான கேள்வி, நானே யோசித்திருக்கிறேன். ஆனால் 2017 நவம்பரிலிருந்து உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. இந்த ஏஐ பெருவெள்ளமெல்லாம் லினக்ஸ் சர்வரில் கார்டுகளை அடுக்கி ஓட்டுவதுதான். பெரிய முதலாளி கோடி கொடுத்து வாங்கினால் லினக்ஸ் தெரிகிறது, கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன் ஒரு கார்டு வாங்கினால் லினக்ஸா, அது எந்த ஊர் என்கிறார்கள். செலவு செய்யச் சொல்லவில்லை ஐயா, விவரத்தைக் கொடு என்றுதான் கேட்கிறேன். திரும்பத் திரும்ப இதையே சொல்ல வேண்டியிருக்கிறது.

“கடையில் கேட்டு வாங்கு.” கேட்டேனே. லினக்ஸில் ஓடுமா தம்பி என்று கேட்டதற்கு, “எல்லா கேமும் ஓடும் அண்ணே” என்றான். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எந்த வருஷம் கைகழுவுவோம் என்று எந்தப் பக்கத்திலும் அச்சிடவில்லை.

என் மாமா குளச்சலில் வள்ளம் வைத்திருக்கிறார். எஞ்சின் மக்கர் செய்தால் மெக்கானிக் கரையிலேயே சாக்கு விரித்து அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிவிடுவார். கம்பெனி அந்த மாடலை நிறுத்தி எத்தனை வருஷம் ஆனால் என்ன, பாகம் கிடைக்காவிட்டால் கடைந்து போடுவார். “பாத்து வாங்கப்பிடாதா” என்று மாமாவிடம் சொல்லிப் பார்க்கட்டும், கடலில் தள்ளிவிடுவார்.

அண்ணனுக்குத் தெரியாத கதையா இது? எம்ஐடியில் ஜெராக்ஸ் பிரிண்டரின் மூலநிரல் கேட்டுக் கிடைக்காத எரிச்சலும் சேர்ந்துதான் ரிச்சர்ட் ஸ்டால்மனை 1983-இல் குனு என்ற சுதந்திர மென்பொருள் திட்டத்துக்குக் கொண்டுபோய் விட்டது. இந்தக் கூட்டமே ஒரு பிரிண்டர் சண்டையில் பிறந்த கூட்டம். இதை எனக்குச் சொல்லித் தந்தவரே அண்ணன்தான். தபாலில் வந்த உபுண்டு லினக்ஸ் சிடியை, “கீறல் விழாம வச்சுக்க மக்களே” என்று என் கையில் தந்தவர். வேறு யார் சிரித்திருந்தாலும் போடா என்று விட்டிருப்பேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பின்வரிசையில் ஒரு கல்லூரிப் பிள்ளை, அவள் அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப்போடு வந்திருந்தாள். வைஃபை எடுக்கவில்லை, கேட்கலாம் என்று வந்திருக்கிறாள். சிரிப்பைக் கேட்டதும் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. டீ வந்த நேரத்தில் ஆளைக் காணோம். களியக்காவிளையைத் தாண்டினால் கேரள அரசுப் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸில்தான் பாடம் படிக்கிறார்கள். இங்கே நாம் ஹாலை வாடகைக்கு எடுத்து, தேடி வந்த ஒரு பிள்ளையையும் விரட்டிவிட்டு, லினக்ஸ் ஏன் பரவவில்லை என்று அடுத்த மாதம் கலந்துரையாடல் வைப்போம். வடை நன்றாக இருந்தது, அதை மறுக்கவில்லை.

அந்தப் பிள்ளையைத் தெரிந்தவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள். அவளுடைய வைஃபை கார்டு எதுவென்று பார்த்து நானே சரிசெய்து தருகிறேன். “எல்எஸ்பிசிஐ அவுட்புட் (கம்ப்யூட்டரில் உள்ள கார்டுகளின் பட்டியல்) எங்கே” என்று என்னிடம் கேட்கப் போகிறவர்களுக்கு: டிகேஎம்எஸ் லாகோடு சேர்த்து முதல் கமெண்டில் போட்டிருக்கிறேன். முழுசாக வாசித்துவிட்டு வாருங்கள். “விண்டோஸ் போடு” என்று எழுதினால் பிளாக்தான், சொந்தக்காரராக இருந்தாலும்.